டிவி பெட்டி வாங்கும் முன் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்: குமரி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

குளச்சலில் இருக்கும் சித்தி போன மழைக்காலத்தில் போன் செய்தார். "மக்ளே, தம்பி குவைத்துல இருந்து ஒரு பெட்டி கொண்டு வந்துருக்கான். அட்டையில 8கே-ன்னு போட்டிருக்கு. படம் போட்டா மூக்கும் கண்ணும் ஒண்ணாத் தெரியுது."

போய்ப் பார்த்தேன். கைக்கு அடக்கமான பெட்டி, ஓரத்தில் நீல விளக்கு. அட்டையில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, ஆண்ட்ராய்டு 11 என்று இருந்தது. செட்டிங்ஸிலும் 11 என்றே காட்டியது. உள்விவரத்தைக் காட்டும் ஐடா64 செயலியைப் போட்டுப் பார்த்தால், ஆண்ட்ராய்டின் உண்மைப் பதிப்பைச் சொல்லும் ஏபிஐ எண் 28. ஆண்ட்ராய்டு 11-க்கு அந்த எண் 30 இருக்க வேண்டும். 28 என்றால் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 9. எழுத்தை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்து டிஆர்எம் இன்ஃபோ செயலி. ஓடிடி படங்களின் பூட்டான வைட்வைன் என்ற இடத்தில் எல்3, அதாவது கீழ்நிலை. சித்தி வீட்டு டிவியில் குறையில்லை, ஃபைபர் லைனிலும் குறையில்லை. மூக்கும் கண்ணும் ஒன்றானது இந்த எல்3-யால்தான்.

தக்கலையில் செல்போன், டிவி பெட்டி சர்வீஸ் பார்க்கிறேன். "ஸ்லோவா இருக்கு, படம் கலங்குது" என்று என் மேஜைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போர்டில் ஒன்றும் இருக்காது. மென்பொருள்தான் அந்த வீட்டுக்குப் பொருந்தாதது. அதனால் கடைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது ஓடும் பெட்டியைப் பிறகு தேடலாம்.

படி 1: ஒரு தாளில் வீட்டை எழுதுங்கள்

யார் என்ன பார்க்கிறார்கள் என்று எழுதினாலே பாதி முடிவு வந்துவிடும். அம்மாவுக்கு சன் டிவி சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட் வேண்டும். விஜய் டிவிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. அப்புறம் நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று: 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்கள் இவை. களியக்காவிளை, குழித்துறை பக்கம் பல வீட்டில் மலையாளச் செய்தி இல்லாமல் பாட்டாவுக்குக் காலைச் சாயா இறங்காது. ஏசியாநெட் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், சூர்யா டிவி சன் நெக்ஸ்டிலும், மழவில் மனோரமா மனோரமாமேக்ஸிலும் இருக்கின்றன. வாங்கப்போகும் பெட்டிக்குள் இருக்கும் செயலிக் கடையில் (ப்ளே ஸ்டோர் மாதிரி) இந்தச் செயலிகள் எல்லாம் டிவி வடிவில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. போனில் இருக்கும் செயலி எல்லாமே டிவியிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் எழுதுங்கள்: ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கும்? எழுபது வயது ஆச்சி கையிலா, பத்து வயதுப் பையன் கையிலா? நல்ல மென்பொருள் எது என்ற கேள்விக்கு இந்த இரண்டு வீட்டிலும் பதில் வேறு.

படி 2: இனங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் நாற்பது பெட்டி அடுக்கி வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது ஐந்தாறு வகைதான்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி. ஆண்ட்ராய்டு டிவி 2014-ல் வந்தது. 2020-ல் வந்த கூகுள் டிவி அதன் மேல் போட்ட புது முகப்பு, அடித்தளம் ஒன்றே. ரிமோட்டுக்கென்றே வடிவமைத்தது, டிவிக்கான ப்ளே ஸ்டோர் உண்டு. நம் ஊர்த் தேவைக்கு வேண்டிய செயலிகள் பெரும்பாலும் இதில்தான் முதலில் கிடைக்கும். கூகுள் டிவி முகப்பு முழுக்கச் சிபாரிசுப் படங்களை அடுக்கிவிடும். வயதானவர்களுக்கு அது திருவிழாக் கடைத்தெரு மாதிரி. அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வெறும் ஆண்ட்ராய்டு. குவைத்துப் பெட்டி இந்த இனம். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, போன், டேப்லெட்டுக்கான ஆண்ட்ராய்டையே பெட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். மேலே டிவி மாதிரி ஒரு முகப்பு. கண்டுபிடிப்பது எளிது: ப்ளே ஸ்டோரைத் திறந்தால் போனில் இருப்பதுபோலவே இருக்கும், சில செயலிகளில் ரிமோட் வேலை செய்யாமல் எலிச்சுட்டி அம்பு தேவைப்படும். விலை குறைவு, எதையும் நிறுவலாம் என்பதால் ஆசை வரும். ஆனால் பூட்டு எல்3-யோடு நின்றுவிடும். அப்டேட் என்ற பேச்சே கிடையாது.

இதன் பயமான பக்கம் வேறு. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம் வெளியிட்ட தகவல்படி, 'வோ1டி' என்ற தீநிரல் 197 நாடுகளில் ஏறக்குறைய 13 லட்சம் ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்குள் புகுந்திருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' பற்றி எச்சரித்தது: சில பெட்டிகள் வாங்கும்போதே தீநிரலோடு வருகின்றன, சில பெட்டிகளில் முதல்முறை அமைக்கும்போது நிறுவும் செயலிகள் வழியாக அது நுழைகிறது. உங்கள் வீட்டு இணையம் யாரோ ஒருவரின் திருட்டு வேலைக்குப் பாதையாகிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. "எல்லாச் சேனலும் ஓசி" என்று யாராவது பெட்டியை நீட்டினால், அதில் ஓடுவது திருட்டு ஒளிபரப்பு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை அதில் தட்டாதீர்கள்.

ஃபயர் டிவி. அமேசான் 2014-ல் தொடங்கியது. ஆண்ட்ராய்டை எடுத்துத் தன் செயலிக் கடையை வைத்துக் கட்டியது, ப்ளே ஸ்டோர் கிடையாது. குச்சி வடிவில் கிடைப்பதால் டிவி பின்னாலேயே மறைந்துவிடும், ரிமோட்டும் எளிது. முகப்பில் விளம்பரம் அதிகம். 2025-ல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது: 4கே செலக்ட் என்ற குச்சியில் ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு லினக்ஸ் அடிப்படையில் வேகா ஓஎஸ் என்ற புது மென்பொருளைப் போட்டார்கள். அதில் வெளியிலிருந்து செயலியை ஏற்ற முடியாது. ஃபயர் டிவி என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு வேறு மென்பொருள்கள் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

ஆப்பிளின் டிவிஓஎஸ். விலை மற்றவற்றைப்போல் பல மடங்கு. ஆனால் 2015-ல் வந்த பெட்டிக்கு 2025-ல் வெளியான டிவிஓஎஸ் 26 கூடக் கிடைத்தது. இந்த விஷயத்தில் மற்றவர்களில் பெரும்பாலோர் கிட்டே நிற்க முடியாது. வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரவுட்டர் வாங்குங்கள்.

இணைய நிறுவனம் ஃபைபரோடு தரும் பெட்டி. பலவற்றில் ஆண்ட்ராய்டு டிவியோ அந்த நிறுவனமே செய்த மென்பொருளோ இருக்கும். நேரலைச் சேனல், ஓடிடி எல்லாம் ஒரே ரிமோட்டில் என்பது வசதிதான். லைனை வெட்டினால் பெட்டியைத் திருப்பிக் கேட்பார்களா, வேறு நெட்டில் ஓடுமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். நான் கேட்கவில்லை. முதல் நிறுவனத்தை விட்டு மாறியபோது பெட்டி கைகாட்டி மரம் மாதிரி நின்றது.

கோர்எலெக், லிப்ரேஎலெக். கோடி என்ற ஊடக இயக்கியை மட்டும் ஓட்டும் சிறிய லினக்ஸ்கள். ஓடிடிக்கு ஆகாது. வன்தட்டு நிறையப் படம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. கடைசிப் படியில் விரிவாகப் பார்க்கலாம்.

படி 3: பூட்டைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். ஓடிடி நிறுவனங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு இனங்களில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். பெட்டியின் சிப்புக்குள் பாதுகாப்பான தனி இடத்தில் பூட்டைத் திறந்தால் அது எல்1. வெறும் மென்பொருளால் திறந்தால் எல்3. எல்3 பெட்டியை நெட்ஃபிளிக்ஸ் நம்பாது. 480பி தரத்தில்தான் அனுப்பும். 55 அங்குலத் திரையில் 480பி என்றால் சித்தி சொன்ன அந்த மூக்கும் கண்ணும்தான். நீங்கள் 4கே திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் இதே கதி.

எல்1 மட்டும் போதாது. நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு மாடலையும் தனியாகப் பார்த்து ஒப்புதல் தருகிறது. அதனால் எல்1 இருந்தும் நெட்ஃபிளிக்ஸ் சரியாக ஓடாத பெட்டிகள் உண்டு. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பொத்தான் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பொத்தானை அச்சடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை.

கையில் பெட்டி இருந்தால் ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். டிஆர்எம் இன்ஃபோ செயலியில் வைட்வைன் நிலை, ஐடா64-ல் ஏபிஐ எண். ஆண்ட்ராய்டு 10-க்கு 29, 11-க்கு 30, 12-க்கு 31, 13-க்கு 33, 14-க்கு 34. அட்டையில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் மற்ற எதையும் நம்பவேண்டியதில்லை. பிறகு யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓட்டி, அமைப்பில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்குங்கள். எந்த அளவில் ஓடுகிறது, எத்தனை ஃபிரேம் விழுகிறது, எந்தக் கோடெக் (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) என்றெல்லாம் வரும். ஏவி1 கோடெக்கைச் சிப்பே கையாளும் பெட்டி என்றால் நல்லது. அதே தரத்துக்கு டேட்டா குறைவாகச் செலவாகும். ஆம்லாஜிக் சிப்களில் எஸ்905எக்ஸ்4, எஸ்905ஒய்4 இரண்டும் அதைச் செய்யும், எஸ்905எக்ஸ்3 செய்யாது.

படி 4: லைனும் டிவியும்

இதில் நீண்ட பேச்சு வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15. இப்போதைய ஃபைபர் திட்டங்கள் பெரும்பாலும் இதைத் தாண்டும். பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளின் கனத்த சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வராது, 2.4 போய்ச் சேரும், ஆனால் மெதுவாக. முடிந்தால் லேன் வயரை இழுத்துவிடுங்கள்.

டிவி 720பி ரகம் என்றால் 4கே பெட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள். 4கே டிவியாக இருந்தும் 4கே வராவிட்டால் ஹெச்டிஎம்ஐ துளையை மாற்றிப் பாருங்கள். 4கே படத்துக்குத் தேவையான ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு, சில பழைய 4கே டிவிகளில் ஒரே ஒரு துளையில்தான் இருக்கும்.

படி 5: வீட்டுக்கு ஏற்ற முடிவு

என் பரிந்துரை இது, ஒப்புக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள். தமிழ், மலையாளம் இரண்டும் பார்க்கும் கலப்பு வீடு என்றால் கூகுளின் சான்று பெற்ற கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி. பிரைம் வீடியோவும் யூடியூபும் மட்டும் போதும், குறைந்த செலவு என்றால் ஃபயர் டிவி. சீரியலை நேரலையில் பார்க்கும் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கேபிள்காரரைத் துரத்தவே வேண்டாம். மழை நாளில் நெட் போனாலும் கேபிள் ஓடும் நாட்கள் உண்டு. பெட்டி கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 6: கடையில்

ரேம் 2 ஜிபி-க்குக் குறைந்தால் கீழே வைத்துவிடுங்கள். சேமிப்பு 8 ஜிபி என்று எழுதியிருந்தால் மென்பொருளுக்குப் போக மிஞ்சுவது அதைவிட நன்றாகக் குறைவு. பத்துச் செயலி போட்டதும் மூச்சு வாங்கும். பெட்டியிலும் அடாப்டரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-ன் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா பாருங்கள். போனில் பிஐஎஸ் கேர் செயலியைப் போட்டு அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று வரும். கடைக்காரர் முன்னால் இதைச் செய்ய வெட்கப்படாதீர்கள். கல்ஃபிலிருந்து வரும் பெட்டியில் இது இருக்காது. குறைந்தது அங்கே உள்ள பெரிய கடையில் பில்லோடு வாங்கி வரச் சொல்லுங்கள், எல்1 உண்டா என்று மாடல் பெயரைக் கேட்டுத் தேடிப் பார்த்த பிறகு.

அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதையும் கேளுங்கள். கடையில் பதில் கிடைக்காது, ஆனாலும் கேளுங்கள். பெட்டி பழுதாகாமலே செத்துப்போவது உண்டு. 2014-ல் வந்த முதல் ஃபயர் டிவி பெட்டிகளில் 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. மின்சுற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, செயலிதான் கைவிட்டது.

படி 7: அமைப்பது

பெட்டிக்கென்று ஒரு தனி கூகுள் கணக்கு திறந்துகொள்ளுங்கள். வங்கி, புகைப்படம் எல்லாம் இருக்கும் உங்கள் முக்கியக் கணக்கைக் கூடத்து டிவியில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை.

டிவியின் யுஎஸ்பி துளையில் மின்சாரம் எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 துளை பொதுவாக அரை ஆம்பியர்தான் தரும். கூட வந்த அடாப்டரைப் போட்டால், பாட்டு நடுவில் பெட்டி தானாக அணைந்து எழும் தொல்லையில் முக்கால்வாசி அன்றே தீரும்.

ஆச்சிகள் இருக்கும் வீட்டில், கூகுள் டிவி கணக்கு அமைப்பில் 'ஆப்ஸ் ஒன்லி' நிலையை இயக்குங்கள். சிபாரிசு பெரும்பாலும் மறைந்து செயலிகள் வரிசையில் நிற்கும். குரல் தேடல் போய்விடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. முதல் இடத்தில் சன் நெக்ஸ்ட், இரண்டாவதில் யூடியூப் என்று வைத்துவிட்டால், "வலதுபக்கம் ஒரு தட்டு, ஓகே" என்று சொல்லிக்கொடுத்தால் போதும். என் மைனியின் அம்மா கோட்டாறு சவேரியார் திருவிழா நேரலையை அப்படித்தான் தானே போட்டுப் பார்க்கிறார்.

தமிழில் தேட, போனில் கூகுள் டிவி செயலியை இறக்குங்கள். போனே ரிமோட் ஆகும். தமிழ் விசைப்பலகையில் தட்டினால் டிவியில் எழுத்து விழும். ரிமோட் அம்பை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் தனி சுயவிவரம், பணம் கட்டி எதையும் வாங்க ரகசிய எண் (PIN), 'அறியாத மூலங்கள்' அணைத்த நிலை. ஹெச்டிஎம்ஐ சிஇசி-யை இயக்கினால் ஒரே ரிமோட்டில் டிவியும் எழும். இதைச் சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்பார்கள்.

படி 8: இடியும் உப்பும்

ஐப்பசி இடிக்கு எங்கள் கடையில் பெட்டிகள் குவியும். மின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், கேபிள் டிவி ஒயரை விட்டிருப்பார்கள். செம்பு ஒயர் வழியாக வரும் இடி மின்சாரம் டிவிக்குள் போய், ஹெச்டிஎம்ஐ வழியாகப் பெட்டியையும் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டரும் லேன் வயரும் ஓடவிடும். வானம் இருண்டால் மின் பிளக், கேபிள் ஒயர், லேன் மூன்றையும் கழற்றுங்கள்.

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் கடற்கரை வீடுகளில் இரண்டு வருடத்தில் ஹெச்டிஎம்ஐ முனை பச்சை பூத்துவிடும். ஜன்னல் ஓரத்தில் பெட்டியை வைக்காதீர்கள். படம் விட்டுவிட்டு வந்தால் பெட்டியைக் குறை சொல்லும் முன் முனையைக் கழற்றிப் பாருங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படி 9: ஏமாந்த பெட்டியை என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டாம், சிப் ஆம்லாஜிக்காக இருந்தால். ஐடா64-லேயே சிப் பெயர் வரும். சித்தியின் பெட்டியில் எஸ்905எக்ஸ்3. கோர்எலெக் 2018-ல் லிப்ரேஎலெக்கிலிருந்து ஆம்லாஜிக்குக்கென்றே பிரிந்தது. அதன் தளத்தில் உங்கள் சிப்புக்கான கோப்பை இறக்கி, கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒரு மெமரி கார்டில் எழுதுங்கள். எழுதிய கார்டைத் திறந்தால் டிவைஸ் ட்ரீஸ் என்று ஒரு கோப்புறை. உங்கள் சிப்புக்கும் ரேமுக்கும் பொருந்தும் கோப்பை அதிலிருந்து வெளியே எடுத்து, டிடிபி.ஐஎம்ஜி (dtb.img) என்று பெயர் மாற்றி வையுங்கள். எல்லாம் சரியாகச் செய்து இதை மறந்தால் பெட்டி எழவே எழாது.

கார்டைச் சொருகிய பிறகு ஒரு பல்குச்சி எடுங்கள். இந்த ரகப் பெட்டிகள் பலவற்றில் ஏவி துளைக்குள் ஒரு சின்னப் பொத்தான் ஒளிந்திருக்கும். குச்சியை மெதுவாக உள்ளே விட்டால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுங்கள், திரையில் கோர்எலெக் முத்திரை வந்ததும் விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு அப்படியே இருக்கும்; கோர்எலெக் கார்டிலிருந்தே ஓடும்.

சித்திக்குக் கூடத்தில் ஒரு கூகுள் டிவி பெட்டி வாங்கிக் கொடுத்தோம். பழையது பின்னறை டிவிக்குப் போய்விட்டது. பெண்ணின் கல்யாண வீடியோ, சித்தப்பா சேர்த்து வைத்த பழைய படங்கள் எல்லாம் இருக்கும் வன்தட்டு அதில் மாட்டியிருக்கிறது, தெளிவாக ஓடுகிறது. கார்டைக் கழற்றினால் அந்தப் பழைய ஆண்ட்ராய்டு மறுபடி எழுந்துவிடும். அதனால் பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பிச் சேமித்த கணக்கையெல்லாம் அழித்தேன், வீட்டு வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு வந்தேன். புதுக் கடவுச்சொல் அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியாது.